பிடித்தால் அடங்கும் சத்தம்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் கருவறை சின்னது. நீளமும் அகலமும் ஒன்பது பத்தடி இருக்கும். மலைச்சரிவில் பாறையைக் குடைந்து எடுத்த அறை. அதன் நடுவில் நின்று, வாயை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ‘ம்ம்’ என்று இழுத்துப் பாருங்கள். சுருதியை மெல்ல ஏற்றி இறக்கினால் ஓரிடத்தில் அறை அதைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் நெஞ்சிலிருந்து வருகிறதா, விதானத்திலிருந்து வருகிறதா, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று காதுக்குத் தெரியாது.

கருங்கல் தன்மேல் படும் ஒலியை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்றால், போய்த் திரும்ப ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 60 அதிர்வுகளை ஒட்டி வரும். அந்தச் சுருதி அறையின் நடுவில் நிற்பவருக்கு எடுக்காது. சுவரோரம்தான் அதற்கு வலு. ஆனால் அதன் இருமடங்கான 120, நடு அறையில்தான் உச்சம் கொள்ளும். ஆண்குரல் தாழ்ந்து ஒலிக்கும் சுருதியும் ஏறக்குறைய அதுதான்.

அன்று கோயிலிலிருந்து இறங்கி வந்து வண்டியைக் கிளப்பியபோது, பல நாளாக என்னை அலைக்கழித்துக்கொண்டிருந்த சத்தம் மறுபடி கேட்டது. நியூட்ரலில் நிற்கும்போது எஞ்சினின் வலப்பக்கத்திலிருந்து கடகட, கடகட என்று ஒரு தட்டல். குனிந்து கேட்டால் சிலிண்டர் தலையிலிருந்து வருவதுபோல் இருக்கும். எழுந்து நின்றால் கியர் பெட்டியிலிருந்து வருவதுபோல் இருக்கும். கருவறையில் பாறை செய்த வேலையை இங்கே அலுமினிய உறை செய்துகொண்டிருந்தது. உள்ளே எங்கோ ஓரிடத்தில் விழும் அடியை வாங்கி, மெல்லிய சைடு கவர் முழுவதும் அதிர்ந்து, ஒலிபெருக்கியின் படலம்போல் வெளியே தள்ளுகிறது. இப்படிப்பட்ட சத்தத்தைத் திசை வைத்துத் தேடினால் கிடைக்காது. எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது. அதற்குள் வேறோர் ஊரில் ஒரு கடையில், சத்தம் அடங்கும் என்று சொல்லி எஞ்சின் ஆயிலோடு ஏதோ ஒரு புட்டியை ஊற்றிக் கொடுத்தார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. இரண்டே வாரத்தில், கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கியிருந்தது.

அதன்பிறகுதான் அன்னவாசல் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

“நியூட்ரல்ல நிக்கிறப்ப கடகடன்னு அடிக்குதுண்ணே.”

“கிளட்ச்சப் பிடிச்சா?”

“நின்னுடுது.”

“வண்டி சூடானப்புறம் கூடுதா, குறையுதா?”

“கூடுது.”

“அப்ப ஹெட்டுப் பக்கம் போக வேணாம் தம்பி. சைடு கவரக் கழட்டுவோம்.”

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே இவ்வளவையும் அவர் சொல்லிவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி ஏன் அவ்வளவு வலுவானது என்பதைப் புரிந்துகொள்ள, கிளட்ச்சின் உள்ளே போக வேண்டும்.

நம்முடைய பெரும்பாலான பைக்குகளில் இருப்பது எண்ணெயில் மூழ்கிய பல தட்டுக் கிளட்ச். எஞ்சினின் பிரைமரி கியர், வாளி போன்ற ஒரு பாத்திரத்தைச் சுழற்றுகிறது. கடையில் அதற்குப் பெயர் கிளட்ச் பெல்; சிலர் அவுட்டர் என்பார்கள். அதன் நடுவில், கியர் பெட்டித் தண்டின் மேல், கிளட்ச் சென்டர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே இட்லித் தட்டு அடுக்குபோலத் தட்டுகள். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டின் காதுகள் பெல்லின் விரல்களுக்கு இடையே மாட்டியிருக்கும். அடுத்தது வெறும் எஃகுத் தட்டு. அதன் பற்கள் சென்டரைக் கவ்வியிருக்கும். இப்படி மாறி மாறி அடுக்கியதை பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்குகளும் நெருக்கிப் பிடிக்கும்போது பெல்லும் சென்டரும் ஒன்றாகச் சுழல்கின்றன. லிவரைப் பிடித்தால் நெருக்கம் விலகுகிறது; பெல் சுழல, சென்டர் நின்றுபோகிறது.

ஆகவே கிளட்ச் லிவர் ஒரு சோதனைக் கருவியும்கூட. நியூட்ரலில் லிவரை விட்டிருக்கும்போது பெல், தட்டுகள், சென்டர், கியர் பெட்டியின் உள்தண்டு எல்லாம் சேர்ந்து சுற்றுகின்றன. பிடித்தால் எஞ்சினோடு சுற்றுவது பெல்லும் அதன் தட்டுகளும் மட்டும். பிடித்தும் விட்டும் சத்தம் மாறவே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கிளட்ச்சுக்கு வெளியே, டைமிங் செயின் போன்ற ஒன்றில். பிடித்தபோது மட்டும் வந்தால், சுழலும் பிரஷர் பிளேட்டைச் சுழலாத கம்பி தள்ளும் இடத்தில் இருக்கும் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். விட்டபோது வந்து, பிடித்ததும் அடங்கினால் இரண்டு பேர்மீது சந்தேகம்: உள்தண்டின் பேரிங், அல்லது பெல்லின் முதுகில் உள்ள ஸ்பிரிங்குகள். பேரிங் சத்தம் அறுபடாத ஓர் இரைச்சல்; வேகத்தோடு சேர்ந்து ஏறும். ஸ்பிரிங் சத்தம் தட்டல்; ஐடிலிங்கில்தான் அதிகம், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் மறையும்.

அது ஏன் ஐடிலிங்கில் அடிக்கிறது? ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் 700 வெடிப்பு. நொடிக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. ஒவ்வொரு வெடிப்பிலும் தண்டு முன்னே பாய்கிறது. அடுத்த அழுத்த ஸ்ட்ரோக்கில் மூச்சுத் திணறிப் பின்வாங்குகிறது. பல்லோடு பல் கடித்திருக்கும் கியர்களில் மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. பாயும்போது பல்லின் ஒரு முகம் அடிபடும், தயங்கும்போது மறு முகம். இந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் பிரைமரி கியரை பெல்லோடு நேராக முடுக்காமல், நடுவில் சின்னச் சுருள் ஸ்பிரிங்குகளையோ ரப்பர்களையோ வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். காலப்போக்கில் அவை உட்கார்ந்துபோய் இடம் விடும். அப்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் கியர் ஒரு பக்கம், பெல் ஒரு பக்கம் மோதும். லிவரைப் பிடித்ததும் கியர் பெட்டித் தண்டின் சுமை பெல்லைவிட்டு விலகுகிறது. மோதலுக்கு வலு இல்லாமல் போகிறது. வண்டி சூடானால் ஆயில் இளகி, அடியை மெத்தைபோல் தாங்க முடியாமல் சத்தம் கூடுகிறது. அண்ணனின் இரண்டாவது கேள்விக்குப் பொருள் அதுதான்.

இந்த மெத்தையை எங்கே வைப்பது என்பதில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. இந்திய ராணுவம் 1954இல் எல்லைக் காவலுக்காக 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்க, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அந்தப் பழைய புல்லட்டில் எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் இடையே இருந்தது கியர் இல்லை, பிரைமரி செயின். அடியைத் தாங்கும் ரப்பர்கள் பின்சக்கரக் குடத்துக்குள் இருந்தன. அதில் சத்தம் வந்தால் முதலில் செயின் தொய்வைத்தான் பார்ப்பார்கள். இத்தாலியின் டுகாட்டி நெடுங்காலம் எண்ணெய் படாத உலர் கிளட்ச் வைத்திருந்தது. அதில் லிவரைப் பிடித்தால் தட்டுகள் காற்றில் தளர்ந்து கலகலக்கும். அது அந்த வண்டியின் இயல்பு. எல்லாத் தட்டலும் நோய் ஆகாது.

என் வண்டியின் கவர் திறந்தது. பெட்ரோலை மூடி, வண்டியை இடப்பக்கம் சாய்த்து வைத்ததால் ஆயில் சிந்தவில்லை. ஸ்பிரிங் போல்ட்டுகளை அண்ணன் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒன்றை மட்டும் முழுக்கக் கழற்றினால் பிளேட் சாய்ந்து காது உடையும். சென்டர் நட்டைத் திருக, தட்டுகளுக்கு நடுவே ஸ்குரூ டிரைவரைச் சொருகவில்லை. அதற்கென்று இருக்கும் பிடியைப் போட்டார். பெல்லைக் கையில் வாங்கி, கியரை ஒரு கையிலும் பெல்லை மறு கையிலுமாக முறுக்கிக் காட்டினார். நல்ல பெல்லில் அசைவே தெரியாது. இதில் டக், டக் என்று ஆடியது.

அதோடு முடியவில்லை. பெல்லின் விரல்களில், தட்டின் காது உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் காடி விழுந்திருந்தது. பெல் அலுமினியம், தட்டின் காது நொடிக்குப் பன்னிரண்டு முறை அதைச் சுத்தியலாக அடித்திருக்கிறது. காடியில் தட்டு மாட்டிக்கொண்டால் லிவரைப் பிடித்தாலும் தட்டுகள் விலகாது; நியூட்ரல் விழாது; முதல் கியரில் வண்டி குதிக்கும். அரம் போட்டுத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம் என்பது கடைகளில் வழக்கம். காடி நகத்தில் லேசாகத் தட்டும் அளவு இருந்தால் நானும் அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் தேய்க்கும் ஒவ்வோர் இழையும் காதுக்கும் விரலுக்கும் இடையே இடைவெளியைக் கூட்டுகிறது. கிளட்ச் வழுவழுவென்று விலகும்; தட்டல் முன்னைவிடப் பலமாகும்; புதுக் காடி இன்னும் சீக்கிரம் விழும். ஆழமான காடிக்கும் ஆடும் ஸ்பிரிங்குக்கும் புது பெல்தான் நேர்மையான வழி. அண்ணன் முதலில் அதைச் சொல்லத் தயங்கினார், விலை காரணமாக.

தட்டுகளைத் துடைத்தபோது எஃகுத் தட்டு இரண்டில் நீலம் ஏறியிருந்தது. எஃகு 300 டிகிரியை எட்டிப் பார்த்ததற்கு அடையாளம் அது. அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? சரளை மேட்டில், பாறைப் படியில், கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு ஏறுவது ஆஃப்ரோடில் தவிர்க்க முடியாதது. அப்போது எஞ்சினின் சக்தியில் மூன்று கிலோவாட் தட்டுகளிலேயே உராய்ந்து வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகுத் தட்டுகள் மொத்தம் அரை கிலோ என்றால், ஆயில் வந்து சூட்டை அள்ளிப் போகாவிட்டால், நொடிக்குப் பதின்மூன்று டிகிரி ஏறும். பத்து நொடி மேட்டில் திணறினால் 130 டிகிரி. அண்ணன் நீலத் தட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, விளிம்பில் ஃபீலர் கேஜை நுழைத்தார். நுழைந்தது. தட்டு வளைந்துவிட்டது.

இனி அந்தப் புட்டி விஷயம். நம் பைக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில். எஞ்சினுக்கு உராய்வு குறைய வேண்டும். கிளட்ச்சுக்கு உராய்வு வேண்டும். எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்பதற்காகக் கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. கிளட்ச் தட்டில் அவை படிந்தால் பிடிப்பு போய்விடும். இதற்காகவே 1990களின் கடைசியில் ஜப்பானியர்கள் ‘ஜாசோ’ என்ற தர அடையாளத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருந்தால் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் ஸ்கூட்டர் மாதிரி கிளட்ச் ஆயிலில் நனையாத வண்டிகளுக்கு. என் வண்டியில் ஊற்றிய சேர்மம் சத்தத்தை மறைத்த அதே நேரத்தில் தட்டுகளை வழுக்க வைத்து, சூடேற்றி, வளைத்திருக்கிறது.

கிளட்ச்சை விடும்போது வரும் கீச்சொலியும் உதறலும் வேறு ரகம். வயலின் வில் தந்தியைப் பிடித்து இழுத்து, நழுவவிட்டு, மறுபடி பிடிப்பதைப்போலத் தட்டும் தட்டும் ஒட்டி நழுவுகின்றன. எண்ணெய்ப் பரப்புகளில் வேகத்துக்கேற்ப உராய்வு எப்படி மாறுகிறது என்று ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்டிரிபெக் 1902இல் அளந்து காட்டினார். வேகம் கூடக் கூட உராய்வு சரியும் நிலையில் அதிர்வு தானே வளர்ந்துகொண்டு போகும். வில்லுக்கு அது வரம், கிளட்ச்சுக்குக் கேடு. தட்டின் முகம் எரிந்து கண்ணாடிபோல் மின்னினாலும், ஆயில் தவறானாலும் இந்த நிலை வரும்.

புது பெல்லும் தட்டுகளும் வாங்கி வந்தோம். உராய்வுத் தட்டுகளை மாட்டுவதற்கு முன் இரவு முழுக்க ஆயிலில் ஊறவைத்தார். உலர்ந்த தட்டை அப்படியே போட்டால் முதல் மேட்டிலேயே கருகிவிடும். பழைய ஸ்பிரிங்குகளின் நீளத்தை வெர்னியரில் அளந்தார். வண்டியின் கையேட்டில் சொன்ன எல்லையைவிட இரண்டு குட்டையாக இருந்தன, எல்லாவற்றையும் மாற்றினார். கடைசியில் லிவர் நுனியில் ஒரு விரல் அகலம் ஆட்டம் விட்டு கேபிளைக் கட்டினார். ஆட்டமே இல்லாமல் கட்டினால் தட்டுகள் முழுதாக நெருங்காது, ரிலீஸ் பேரிங்கும் ஓய்வில்லாமல் தேயும்.

இப்போது அந்த வண்டியில் கொளத்தாங்கரை, குவாரிப் பாதை எல்லாம் போகிறேன். சித்தன்னவாசல் சாலையோரம் மட்டும் மண்ணில் இறங்குவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஈமக் கல்வட்டங்கள் அங்கே புதருக்குள் கிடக்கின்றன. பார்வைக்கு வெறும் கல்காடு. சக்கரம் ஒருமுறை ஏறினால் புரண்ட கல்லை யாராலும் பழைய இடத்தில் வைக்க முடியாது. வண்டி ஓட்டுகிற தம்பிகள் தயவுசெய்து அங்கே தார்ச் சாலையைவிட்டு இறங்காதீர்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வடித்தோம். வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தால் அதில் அலுமினியத் தூள் மின்னியது, பழைய பெல்லிலிருந்து உதிர்ந்து மூலை முடுக்கில் தங்கியிருந்த மிச்சம். இன்னொரு 1,500 கிலோமீட்டர் கழித்து மறுபடி வடித்தோம். அண்ணன் தட்டை வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். எதுவும் மின்னவில்லை.