பள்ளி ரக்பி அணிகளை எடைபோடுமாறு

பந்தாட்டமென்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் நம்மனோர் பலர் கால்பந்தையே கருதுவர். பந்தைக் கையிலேந்தி ஓடுதற்கு இடந்தரும் ரக்பி ஆட்டமோ, இலங்கைப் பள்ளிகள் சிலவற்றில் ஆழ வேரூன்றியுள்ளது. அந்நாட்டுப் பள்ளிகளிடை நிகழ்ந்த முதற்போட்டி, 1906-ஆம் ஆண்டிற் கண்டி நகரில் கிங்ஸ்வுட் கல்லூரியாரும் திரித்துவக் கல்லூரியாரும் எதிர்த்தாடியதாகும். கொழும்பு ரோயல் கல்லூரித் தலைவராயிருந்த பிராட்பி என்பார் வழங்கிய கேடயத்திற்காக, 1945 முதல் அக்கல்லூரியாரும் திரித்துவக் கல்லூரியாரும் பொருது வருகின்றனர்.

ஆட்டப் பருவம் அணுகுந்தோறும், இம்முறை வெல்வார் யாவர் என்னும் வினா பழைய மாணவரிடையே எழும். பலரும் சென்ற ஆண்டின் வெற்றி தோல்விகளைக் கொண்டே விடை பகர்வர். அது பொருந்தாதென்பது என் கருத்து. ஊதியம் பெற்று ஆடுவோர் ஓரணியிற் பத்தாண்டு நிலைத்தலுங் கூடும். பள்ளியணியிலோ ஆண்டுதோறும் மூத்தோர் படிப்பு முடித்து நீங்குவர். எத்தனைபேர் எஞ்சினர் என்று எண்ணுதலினும், எவ்விடத்து ஆடுவோர் எஞ்சினர் என்று ஆராய்தல் நன்று.

ஓரணியார் 15 பேருள் முன்னணியார் 8, பின்னணியார் 7. முன்னணியார் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரணியாரைத் தள்ளும் நெருக்கத்தை ஸ்க்ரம் என்பர். பருத்த உடலினர் எண்மரைக் கண்டதும் வெற்றி அவர்க்கே என்று பார்ப்போர் மயங்குதல் இயல்பு. ஆயின் இளைஞர்க்கு ஊறு நேராவண்ணம், 19 வயதிற்குட்பட்டார் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை ஒன்றரை மீட்டருக்குமேல் தள்ளலாகாதென உலக ரக்பிச் சபையார் விதித்துள்ளனர். ஆகவே அங்கே பருமனாற் பெறும் பயன் ஓரெல்லையோடு நின்றுவிடும். ஸ்க்ரத்தினின்று வரும் பந்தை எடுத்தெறிபவன் 9-ஆம் எண் அணிந்தவன். அதனை ஏற்று, உதைப்பதா, ஓடுவதா, பிறனுக்கு ஈவதா என்று இமைப்பொழுதில் துணிபவன் 10-ஆம் எண் அணிந்தவன். இவ்விருவரும் ஓராண்டு உடனாடிப் பழகியிருப்பாராயின், கனத்த முன்னணியை இழந்த அணியையும் யான் தாழ்வாக மதியேன்.

ஸ்க்ரத்தின் முன்வரிசை மூவர் நிலை வேறு. அவ்விடத்திற்குத் தனிப்பயிற்சி இன்றியமையாதது. பயின்றோர் இலராயின், தள்ளுதல் இல்லாத ஸ்க்ரமே நிகழ்க என நடுவர் பணிப்பர். அதனை மானக்கேடெனக் கருதி, பயிலாத சிறுவனொருவனை அங்கே நிறுத்துமாறு பெரியோர் தூண்டுவரேல், அஃது ஓர் இளைஞன் முதுகெலும்பைப் பணயம் வைத்தாடுஞ் சூதாகும். முன்வரிசைக்குப் பயின்ற மாற்றாளர் இல்லாத அணியை, ஏனைய சிறப்பெல்லாம் இருப்பினும், வலியதென்று கொள்ளற்க.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர் ரக்பி கண்டாரல்லர். எனினும் அவ்வரிசை ஈண்டும் பயன்படுகின்றது. பிராட்பி கேடயத்திற்குக் கொழும்பில் ஒன்றும் மலைநாட்டில் ஒன்றுமாக ஈராட்டம் ஆடி, இரண்டன் புள்ளிகளையும் கூட்டுதல் வழக்கம். முதலாட்டத்தில் 10 புள்ளியால் தோற்றோர், அடுத்ததில் 11 புள்ளியால் வென்றாற் கேடயம் அவர்க்கே. எல்லைக்கோட்டிற்கு அப்பால் பந்தைத் தரையிற் பதிக்கும் ட்ரைக்கு 5 புள்ளியும், அதனையடுத்த உதைக்கு 2 புள்ளியும், தண்ட உதைக்கு 3 புள்ளியும் உண்டாதலின், பத்தென்பது கடத்தற்கரிய வேறுபாடன்று. கண்டியின் உயரத்தைக் கொழும்பார் தோல்விக்குக் காரணங் காட்டுதல் வீண். ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் மூச்சைத் தடுக்கும் அளவினதன்று. மழையே உண்மையில் அஞ்சத்தக்கது. நனைந்த பந்து கையினின்று வழுக்க, ஓட்டவல்லார் திறன் குறைந்து உதைவல்லான் மதிப்பு உயரும். அத்தகையான் ஒருவன் எவ்வணியில் எஞ்சியுள்ளான் என்பதே யான் முதற்கண் கேட்கும் வினா.