பறக்காத விமானத்தின் மீது பந்தயம்



நாளைக் காலைப் பெரட்டில், "மழை பெய்கிறது, இன்று பால்வெட்டு இல்லை" என்று சொல்வார்களா, மாட்டார்களா? இதன் மேல் இருவர் பந்தயம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வேலை நிற்கும் என்பவர் 30 காசு கட்டுகிறார். நிற்காது என்பவர் 70 காசு கட்டுகிறார். மறுநாள் யார் சொன்னது பலிக்கிறதோ, அவருக்கு அந்த ஒரு வெள்ளியும் போய்ச் சேருகிறது. 'முன்கணிப்புச் சந்தை' என்று சொல்லப்படுவது இவ்வளவுதான்.

இது அமெரிக்காவில் வளர்ந்த வழக்கம். அயோவா பல்கலைக்கழகம் 1988ஆம் ஆண்டு, அதிபர் தேர்தலில் யார் வெல்வார் என்பதை ஆராய இத்தகைய சந்தையை நடத்தியது. கால்ஷி என்ற நிறுவனம் 2020இல் அந்நாட்டு ஆணையத்தின் அனுமதி பெற்று, 2021இல் தன் சந்தையைத் திறந்தது. இன்று இத்தகைய சந்தைகளில் தேர்தல், மழை, விளையாட்டு என்பவற்றோடு, ஒரு நாளில் எத்தனை விமானங்கள் ரத்தாகும் என்பதும் பந்தயப் பொருளாகிவிட்டது.

விமானம் ரத்தாவதற்குப் புயலும் பனியும் மட்டும் காரணம் அல்ல. 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் நிறுவனம் 16,000க்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. பனிப்புயல் ஓய்ந்து மற்ற நிறுவனங்கள் மீண்டு வந்த பின்பும் அதனால் மீள முடியவில்லை. எந்த ஊழியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கணக்கிடும் அதன் ஏற்பாடு குழம்பிப் போனதே காரணம். 2025 அக்டோபர் முதல் தேதி அமெரிக்க அரசாங்கப் பணிகள் நிதியின்றி முடங்கின. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் சம்பளமின்றி வேலை செய்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி முதல் 40 பெரிய விமான நிலையங்களில் பயணங்களைக் குறைக்கும்படி அரசு உத்தரவிட்டது. நவம்பர் 9ஆம் தேதி ஒரே நாளில் 2,000க்கும் அதிகமான பயணங்கள் ரத்தாயின.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. விமானத்தை நிறுத்துவது வானம் மட்டுமல்ல, மனிதரும் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை எடுப்பவருக்கும் அவருக்குப் பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் அது முன்கூட்டியே தெரியும். நம் பெரட்டுப் பந்தயத்தில் கிராணியாரே மறைவாகக் காசு கட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். விதிகள் தடுத்தாலும், கட்டுபவர் யார் என்று எதிரே காசு வைப்பவருக்குத் தெரியாது.

இனி, கணக்கைப் பார்ப்போம். 30 காசு விலை என்றால், அப்படி நடக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு உண்டு என்று சந்தை எண்ணுகிறது. அந்த எண்ணம் சரியே என்று கொள்வோம். நூறு நாள், நாளொன்றுக்கு 30 காசு கட்டினால் செலவு 30 வெள்ளி. முப்பது நாள் பலித்தால் வரவும் 30 வெள்ளி. லாபம் ஒன்றுமில்லை. சந்தை நடத்துபவர் எடுக்கும் கட்டணத்தைக் கழித்தால் மிஞ்சுவது நட்டமே. சந்தையைவிட அதிகம் தெரிந்தவர்தான் நிலையாகச் சம்பாதிக்க முடியும். அவர் பெறும் ஒவ்வொரு காசும் குறைவாகத் தெரிந்தவர் இழந்த காசு.

"இது சூதாட்டம் அல்ல, அறிவுக் கணக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். சிங்கப்பூர் அரசு அப்படிக் கருதவில்லை. பாலிமார்க்கெட் என்ற இத்தகைய சந்தையை, உரிமம் பெறாத சூதாட்டம் என்று தடுத்தது. மலேசியாவிலும் உரிமமின்றிப் பந்தயத் தொழில் நடத்துவதை 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் தடைசெய்கிறது.

தாய்மார்களே, தந்தைமார்களே, முன்பெல்லாம் பந்தயம் கட்ட வேண்டுமானால் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். இன்று கைப்பேசி வழியே அது வீட்டுக்குள் வருகிறது. உங்கள் பிள்ளை, "சின்னத் தொகைதான், உறுதியாக வரும்" என்று சொன்னால் கோபிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, மேலே சொன்ன நூறு நாள் கணக்கை அவர் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, "எதிர்ப்பக்கம் காசு வைத்திருப்பவர் யார்? அவருக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாத இடத்தில் சம்பளக் காசை வைக்க வேண்டாம்.