கோலுக்கு முன்னால் எண்ண வேண்டியவை

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. 24 அணிகள் பங்கேற்றன. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு 4-2 என வென்றது. கோல் போட்டவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அணிகள் கோலை மட்டும் எண்ணுவதில்லை.

கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர் தள்ளி வளைவாகப் போட்ட கோட்டுக்குள்தான் ‘டி’ இருக்கிறது. அதற்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டால்தான் கோல் செல்லும். ஆகவே ‘டி’க்குள் எத்தனை முறை நுழைந்தோம், எத்தனை ஷாட் அடித்தோம், எத்தனை பெனால்டி கார்னர் பெற்றோம், பந்தை எங்கே பறித்தோம், எங்கே இழந்தோம் என்று குறிக்கிறார்கள். பெரிய அணிகளில் இதற்கென்றே ஒருவர் காணொளியும் மென்பொருளுமாக உட்கார்ந்திருப்பார்.

ஓர் எடுத்துக்காட்டு: ஓர் அணி 20 முறை நுழைந்து 4 ஷாட் அடித்தது. இன்னொன்று 5 முறை நுழைந்து 4 ஷாட் அடித்தது. இரண்டும் தோற்றன. முதல் அணியில் நுழைவு ஷாட்டாக மாறியது 20 சதவீதம். ‘டி’க்குள் பந்தை அடக்கி அடிக்கும் பயிற்சி அதற்கு வேண்டும். இரண்டாம் அணிக்கு அது 80 சதவீதம். நடுக்களத்திலிருந்து பந்தை முன்னே கொண்டுபோகும் பயிற்சிதான் அதற்குத் தேவை. தோல்வி ஒன்றுதான், மருந்து வேறு.

கொல்லிமலை அடிவாரத்தில், எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். மாற்று ஆட்டக்காரர்கள் இருவரை எல்லைக்கோட்டருகே உட்கார வைக்கிறோம். ஒருவர் நுழைவையும் ஷாட்டையும், மற்றவர் பந்தைப் பறித்தவர் பெயரையும் நேர்க்கோட்டுக் குறிகளால் பதிகிறார். மறுநாள் கணக்கு வகுப்பில் அதுவே பட்டை விளக்கப்படமாகிறது.

இதன் பெரிய பயன் தற்காப்பில் நிற்கும் பிள்ளைக்குத்தான். வருடம் முழுக்க ஒரு கோலும் போடாத மாணவி ஒரே ஆட்டத்தில் பதினொரு முறை பந்தைப் பறித்திருப்பது நோட்டில்தான் தெரிகிறது. காலை வணக்கக் கூட்டத்தில் அவள் பெயரையும் வாசிக்க முடிகிறது.

ஓர் எச்சரிக்கை. ஓரிரு ஆட்டத்தின் எண்ணை வைத்து யாரையும் அணியிலிருந்து நீக்கக் கூடாது. தரவரிசை போட்டுச் சுவரில் ஒட்டவும் கூடாது. ஒரு பிள்ளையின் எண்ணை அதே பிள்ளையின் முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவோம்.

ஹாக்கி மட்டை இல்லாத பள்ளிகள் கபடியில் தொடங்கலாம்: எத்தனை ரெய்டு, அதில் எத்தனை புள்ளி, பிடித்தவர் யார். அடுத்த குறுவட்டப் போட்டிக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள்.