கூரை வேய ஓர் ஊரே கூடும்: ஜப்பானின் சிராக்காவா-கோ

ஆசிரிய நண்பர்களே, 'கூட்டு முயற்சி', 'பாரம்பரியத்தைப் பேணுதல்' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் மாணவர்கள் என்ன எழுதுவாங்க? கோத்தோங் ரோயோங், பள்ளித் துப்புரவுப் பணி, அதோடு முடிஞ்சிடும். கொஞ்சம் விரிவாக எழுதவும் பேசவும் உதவக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை இங்கே தருகிறோம். ஜப்பானின் மலைக் கிராமம் ஒன்றில், பழைய விவசாயக் குடும்ப வீடுகளை மக்கள் எப்படிக் காப்பாற்றி வருகிறார்கள் என்பதுதான் விஷயம்.

கைகூப்பிய வீடுகள்

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஷோ ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது சிராக்காவா-கோ. குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி கொட்டும் இடம். இங்குள்ள வீடுகளின் கட்டுமானத்துக்குக் 'கஷோ' என்று பெயர். இரண்டு கைகளையும் கூப்புவது என்று பொருள். நாம் வணக்கம் சொல்லும்போது கைகள் எப்படிச் சேருமோ, கூரையின் இரு பக்கங்களும் அப்படிச் சேர்ந்து நிற்கும். சரிவு ஏறக்குறைய 60 பாகை. இவ்வளவு செங்குத்தாக இருப்பதால் பனி தங்காமல் வழுக்கி விழுந்துவிடும்.

கூரையின் சட்டத்துக்கு ஆணி கிடையாது. பெரிய கைமரங்களை வைக்கோல் கயிற்றாலும், 'நேசோ' எனப்படும் இளங்கொம்புகளை முறுக்கியும் கட்டுகிறார்கள். காற்றும் பனியும் அழுத்தும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், முறியாது. கூரைக்கு உள்ளே மூன்று நான்கு அடுக்குப் பரண்கள். அங்கேதான் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே எரியும் கணப்பு அடுப்பின் புகை பரண் வழியாக மேலே ஏறி, புல்லையும் கயிற்றையும் பூச்சியிடமிருந்து காக்கும். ஆக, வீட்டில் ஆள் இருந்து அடுப்பு எரிந்தால்தான் கூரைக்கும் ஆயுள். பூட்டி வைத்தால் கூரை சீக்கிரம் கெட்டுப்போகும்.

'யுய்' என்னும் கடன்

எவ்வளவு நன்றாக வேய்ந்தாலும் கூரையை 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஒரு கூரைக்கு ஆயிரக்கணக்கான புல்கட்டுகள் தேவை. இலையுதிர் காலத்தில் புல் அறுத்து, காயவைத்து, சேர்த்து வைக்க வேண்டும். பழைய புல்லைப் பிரித்து இறக்க வேண்டும். மழை வருவதற்குள் புதிய புல்லை ஏற்றிக் கட்டியாக வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா இது? அதனால் ஊரே சேர்ந்து செய்தது. நூறு, இருநூறு பேர் கூடி, கூரையின் ஒரு பக்கத்தை ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். கைதேர்ந்தவர்கள் கூரைமேல் இருப்பார்கள். மற்றவர்கள் கட்டுகளைச் சுமந்து மேலே கொடுப்பார்கள். பெண்கள் அத்தனை பேருக்கும் சமைப்பார்கள். இறக்கிய பழைய புல் வயலுக்கு உரமாகும்.

இந்த முறைக்கு 'யுய்' என்று பெயர். இதில் கூலி இல்லை, ஆனால் கணக்கு உண்டு. இன்னார் வீட்டிலிருந்து இத்தனை ஆள் வந்தார்கள், இவ்வளவு புல், இவ்வளவு கயிறு, இவ்வளவு அரிசி தந்தார்கள் என்று ஏட்டில் எழுதி வைப்பார்கள். அந்த வீட்டுக் கூரை மாற்றும் நாள் வரும்போது அதே அளவு திருப்பிச் செய்ய வேண்டும். நம்ம கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோமே, அது மாதிரிதான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே மொய் பணமாக இல்லை, உழைப்பாக இருக்கிறது. அப்பா வாங்கிய கடனை மகன் அடைக்கும் அளவுக்கு நீண்ட தவணை.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஊரில் 30 வீடு, ஒவ்வொரு கூரைக்கும் 30 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஆண்டுக்கு ஒரு கூரை வேய வேண்டிவரும். ஒரு சிறுவன் புல் சுமப்பதில் தொடங்கி, ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்து, பெரியவனாகும்போது கூரைமேல் ஏறிக் கட்டத் தெரிந்தவனாகிவிடுவான். தனியாகப் பயிற்சி வகுப்பு வேண்டாம். வீடுகள் குறைந்தால் இந்தப் பழகும் வாய்ப்பும் குறையும்.

குறைந்த வீடுகள், எழுந்த ஊர்

அப்படித்தான் குறைந்தன. பட்டுத் தொழில் நொடித்தது. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷோ ஆற்றில் கட்டப்பட்ட பெரிய அணையின் நீரில் சில குடியிருப்புகள் மூழ்கின. பல வீடுகள் விற்கப்பட்டு, பிரித்து எடுத்துச் செல்லப்பட்டன.

1971இல் ஒகிமாச்சி என்னும் குடியிருப்பின் மக்கள் ஒரு சங்கம் அமைத்து மூன்று விதிகள் வகுத்தார்கள்: விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. 1976இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 1995இல் பக்கத்துக் கொக்காயாமாவின் இரண்டு கிராமங்களோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊர் முடிவு செய்தது, அரசும் உலகமும் பிறகுதான் வந்தன.

புல் கூரைக்குப் பெரிய எதிரி நெருப்பு. அதனால் ஊர்க்காரர்கள் முறை வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றி, நெருப்பு எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் உள்ள நீர்பீய்ச்சிகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து சோதிக்கிறார்கள். கூரைகளுக்கு மேலே நீர் வளைந்து விழும் அந்தக் காட்சியைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

வெளியிலிருந்து வரும் கைகள்

இன்று சிராக்காவா கிராமத்தின் மக்கள்தொகை சுமார் 1,500. முன்பு போல வேலையை விட்டுவிட்டு எல்லாராலும் வர முடியாது. கூரை மாற்றும் செலவில் பெரும்பகுதிக்கு அரசு மானியம் கிடைப்பதால், பல கூரைகளைத் தொழில்முறைக் கூரை வேய்பவர்களே மாற்றுகிறார்கள். கூரை நிற்கும், சரி. யுய் நிற்குமா? ஊரில் உள்ள கேள்வி இதுதான்.

அங்கேதான் தொண்டூழியர்கள் வருகிறார்கள். புல் அறுப்பது, கட்டுவது, சுமப்பது, பழைய புல்லை அள்ளுவது என்று தரையில் செய்யும் வேலைகளுக்கு வெளியூர்க் கைகள் நன்றாகவே உதவும். 2001இல் நாகசே குடும்பத்தின் பெரிய வீட்டுக் கூரையை மாற்றியபோது, ஊர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்தவர்களுமாகச் சுமார் 500 பேர் கைகொடுத்தார்கள்.

ஆனால் ஒன்று. வெளியூர்க்காரருக்கு அங்கே கூரை இல்லை. அவருக்குத் திருப்பிச் செய்ய வழியில்லை. அதனால் யுய்யின் இடத்தைத் தொண்டூழியம் அப்படியே நிரப்பிவிடாது. ஊர்க்காரர் ஒருவர் கூரைமேல் நின்று "இப்படிக் கட்டு" என்று சொன்னால்தான் கீழே நிற்கும் நூறு பேருக்கும் வேலை. அந்த ஒருவர் அடுத்த தலைமுறையிலும் இருக்க வேண்டும். வீடுகளைச் சுற்றியுள்ள வயலில் நெல் விளைய வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். இல்லையென்றால் பார்வையாளர்களுக்கு மிஞ்சுவது வெறும் காட்சிப்பொருள்.

வகுப்பறையில்

1. சொல்வளம்: கூரை, கைமரம், விட்டம், முகடு, பரண், வேய்தல், பிரித்தல். அத்தாப்புக் கூரை வீட்டில் வாழ்ந்த தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் வேறு என்னென்ன சொற்கள் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம்.

2. கலந்துரையாடல்: யுய், மொய், கோத்தோங் ரோயோங் மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள். எதில் கணக்கு உண்டு, எதில் இல்லை?

3. கருத்துரை: 'விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது.' பணத் தேவை உள்ள ஒரு குடும்பத்துக்கு இந்த விதி நியாயமா? இரு தரப்பாகப் பிரிந்து பேசச் சொல்லுங்கள். உயர்நிலை மாணவர்களிடம் நல்ல வாதங்கள் வரும்.