முகத்தைக் காட்டினால் போதுமா?

பண்டிகைக்குத் துணி எடுக்கத் தங்காக் பட்டணத்துத் துணிக்கடைகளுக்குப் போயிருப்பீர்கள். விலையைக் கேட்டதும் உங்கள் முகம் சுருங்குகிறது. பக்கத்தில் நிற்கும் உங்கள் மகனுக்குக் காது கேளாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்ன விலை அவனுக்குக் கேட்கவில்லை. உங்கள் முகம் மட்டுமே தெரிகிறது. ‘அம்மாவுக்கு என் மேல் கோபம்’ என்றுதானே அவன் நினைப்பான்?

“காது கேளாதவர்கள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுகொள்வார்கள்” என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. இதில் பாதிதான் உண்மை.

சிரிப்பு, அழுகை, அச்சம், கோபம் ஆகியவை மனித இனத்துக்கே பொதுவான முகக்குறிகள் என்று 1872-இல் டார்வின் எழுதினார். நம் தொல்காப்பியம் அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து வைத்தது. இவற்றைக் கண்டுகொள்ளக் காது வேண்டியதில்லை.

சைகை மொழியிலோ முகமே இலக்கணமாகவும் அமைகிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ‘ஆமா, இல்லையா?’ என்று கேட்கும்போது புருவம் உயரும், ‘யார்? எங்கே?’ என்று கேட்கும்போது புருவம் நெரியும். பழக்கமில்லாதவர் அதைக் கோபம் என்று எண்ணிவிடலாம்! ஒன்றுபோல் தோன்றும் முகங்களைப் பிரித்தறிவதில் சைகை மொழி பேசுவோர் சிறந்து விளங்குவதை ஆய்வாளர்கள் கண்டனர். காது கேட்டும் சைகை மொழியில் வளர்ந்தவர்களிடமும் அத்திறன் இருந்தது. ஆகவே, அது செவிட்டுத்தன்மை தந்த வரமல்ல. மொழி தந்த பழக்கம்.

ஆனால், முகம் ஏன் அப்படி மாறியது? அதைச் சொல்ல மொழி வேண்டுமல்லவா? காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் சைகை மொழி இல்லாவிட்டால், பிறர் மனத்தைப் புரிந்துகொள்வதில் அப்பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள். கைக்குழந்தைப் பருவம் முதலே சைகையில் பேசி வளர்த்த பிள்ளைகளோ மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக வளர்கிறார்கள்.

நம் நாட்டில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954-இல் பினாங்கில் தொடங்கியது. மலேசியச் சைகை மொழிக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஆனால், பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் வீடுதான்.

பெற்றோர்களே! வேலை முடிந்து வீடு திரும்பியதும் பிள்ளைக்கு எதிரில், வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். அவனோடு சேர்ந்து அண்ணன், அக்கா, பாட்டி எல்லாரும் சைகை பழகுங்கள். முகம் வாடினால் காரணத்தையும் சொல்லுங்கள். ‘துணி விலை அதிகம், உன் மேல் கோபமில்லை’ என்று தெரிந்தால், அந்தப் பிஞ்சு மனம் எவ்வளவு நிம்மதி அடையும்!