முகமறியாத் தோழர்

திருக்கோணமலைக் கோட்டை வாசலில் அதிகாலை ஐந்தரை மணிக்கு நிற்பவர்க்கு இரண்டு காட்சிகள் கிட்டும். ஒன்று, புல் மேய்ந்து முடித்த புள்ளிமான்கள் மெல்ல நடந்து மரநிழலுக்கு ஒதுங்குவது. மற்றொன்று, துவிச்சக்கரவண்டிகளின் வரவு. துறைமுகப் பக்கம் வேலைக்குச் செல்வோர், மீன் வாங்கி விற்கச் செல்வோர், பத்திரிகை கொண்டு செல்வோர், வைத்தியர் சொற்கேட்டு உடல் இளைக்க மிதிப்போர் எனப் பலரும் அவ்வேளையில் வீதியை நிறைக்கின்றனர். கடைசி அணியின் நிழலில் நானும் ஒருவன். நாற்பதைக் கடந்த ஆசிரியன். கரும்பலகையின் முன் நின்று நின்று கால் மரத்துப் போனவன்.

இவ்வரவில் அண்மைக் காலமாக ஒரு புதுமையைக் காண்கின்றேன். எதிரெதிராக வரும் இருவர் ஒருவரையொருவர் உற்று நோக்குகின்றனர். கடந்து சென்றபின் இருவருமே திரும்பிப் பார்க்கின்றனர். "நீங்கள்தானே அவர்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் சிரித்தபடி வண்டியைச் சாய்க்கிறார். இவர்கள் முன்பின் சந்தித்தவர்கள் அல்லர்; ஆயினும் பல மாதங்களாகப் பழகியவர்கள்! கைத்தொலைபேசியிலே ஒரே குழுவில் இருந்து, ஒருவர் சென்ற தூரத்தை மற்றவர் பாராட்டி, பழுதான சங்கிலிக்கு வழி சொல்லி, எழுத்தளவில் நண்பரானவர்கள். எழுத்தாய் இருந்த நண்பர் வியர்வை வழிய எதிரே வந்து நிற்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி, பார்ப்பவரையும் தொற்றிக் கொள்கிறது.

நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. நம் பெற்றோர் காலத்தில் இலங்கை வானொலி நேயர்களின் பெயரையும் ஊரையும் வாசித்தது. அப்பெயர்கள் வீடு தோறும் பரிச்சயமாயின. பேனா நண்பர்கள் ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதி, ஏதோவொரு புகையிரத நிலையத்தில் முதன்முதலாய் முகம் பார்த்தனர். வீதியில் நிகழும் சந்திப்புக்கோ ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அதற்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு.

மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒரு செக்கனில் 5 மீற்றர் நகர்கிறார். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் செக்கனுக்கு 10 மீற்றர் வீதம் குறையும். முப்பது மீற்றர் தூரத்தில் முகம் தெரியத் தொடங்குகிறது என்று கொள்வோம். அறிந்து, வியந்து, வணங்குவதற்கு இருப்பது மூன்றே செக்கன்கள்! ஆகவேதான் சக்கரம் தோன்றிய காலந்தொட்டு, தம்மவரைச் சட்டென அறிய ஒரு சின்னம் அல்லது ஒரு சொல் வேண்டும் என்று மிதிப்போர் உணர்ந்தனர்.

1878ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹரோகேட் நகரில், வண்டியில் ஊர் சுற்றுவோருக்கென ஒரு கழகம் தோன்றியது. சிறகு முளைத்த சக்கரம் அதன் சின்னமாயிற்று. சட்டையில் அச்சின்னத்தை அணிந்தவரைக் கண்டால் மற்ற உறுப்பினர் தம்மவர் என்று அறிந்தனர். கழகத்தின் நம்பிக்கை பெற்ற விடுதிகளின் சுவர்களிலும் அதே சக்கரம் இரும்புப் பலகையாய்த் தொங்கியது. அறிமுகமில்லாத ஊரில், இருட்டும் வேளையில் அதனைக் கண்ட பிரயாணிக்கு எத்துணை ஆறுதல்!

அதனினும் சுவையானது ஒரு பத்திரிகையின் கதை. 1891இல் றொபேட் பிளாட்ச்போர்ட் என்பவர் மான்செஸ்டரில் 'கிளாரியன்' என்னும் சமதர்ம வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் வாசகர்களுள் சிலர் 1894இல் பேர்மிங்ஹாம் நகரில் ஒன்றுகூடித் துவிச்சக்கரவண்டிக் கழகம் ஒன்றை நிறுவினர். விரைவில் அது நாடெங்கும் கிளை பரப்பியது. ஆண்களும் பெண்களும் ஓய்வு நாட்களில் கூட்டமாய்க் கிராமங்களுக்குச் சென்று பத்திரிகையையும் துண்டுப் பிரசுரங்களையும் பரப்பினர். வழியில் தம்மவர் எனத் தோன்றும் ஒருவரைக் கண்டால், "பூட்ஸ்!" என்று கூவுவர். பாதணி என்பது அதன் பொருள். எதிரே வருபவர் கிளாரியன் தோழராயின், "ஸ்பர்ஸ்!" என்று மறுமொழி வரும். குதிரை வீரரின் காலணியில் இருக்கும் குதிமுள்ளே அது. நமது கணக்கின்படி மூன்று செக்கனுக்குள் ஒரு வினாவும் விடையும்! ஒரே பக்கத்தைப் படித்தவர்கள் என்ற ஒன்றைத் தவிர அவ்விருவருக்கும் இடையே வேறு உறவில்லை. அந்தப் பத்திரிகை பின்னர் மறைந்து போயிற்று. அதன் வாசகர் அமைத்த வண்டிக் கழகமோ இன்றும் இருக்கின்றது.

வணக்கம் எச்சரிக்கையாக மாறிய விந்தையும் உண்டு. 1905இல் இங்கிலாந்தில் மோட்டார் வாகனக்காரர் ஒரு சங்கம் அமைத்தனர். வேக வரம்பை மீறுவோரைப் பிடிக்கப் பொலிசார் மறைந்திருக்கும் இடங்களை அறிவிப்பதற்காக, துவிச்சக்கரவண்டியில் உலாவும் காவலரை அச்சங்கம் நியமித்தது. சங்கச் சின்னம் பூண்ட வாகனத்தைக் கண்டால் காவலர் கையுயர்த்தி வணங்குவார். அப்படி வெளிப்படையாய் எச்சரிப்பது சட்டச் சிக்கலாக வந்ததும் ஒரு தந்திரம் செய்தனர். காவலர் வணங்காவிட்டால், வண்டியை நிறுத்தி ஏனென்று கேட்க வேண்டும் என உறுப்பினருக்கு அறிவித்தனர். வணங்காமல் விட்டமைக்காக எவரைத் தண்டிப்பது? 1960களின் தொடக்கம் வரை அவ்வணக்கம் வழக்கில் இருந்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. உள்ளே அழைக்கும் சின்னமே வெளியே நிறுத்தவும் கூடும். 1898இல், மேற்கூறிய சிறகுச் சக்கரக் கழகத்தின் உறுப்பினரான ஹாபர்ட்டன் சீமாட்டி வண்டியோட்டி வந்து, ஒக்கம் என்னும் ஊரிலுள்ள விடுதியில் இளைப்பாற நுழைந்தார். மிதிப்பதற்கு வசதியாக அகன்ற காற்சட்டை அணிந்திருந்தார். "இவ்வுடையில் சிற்றுண்டிச் சாலைக்குள் வரலாகாது, மதுச்சாலையை ஒட்டிய அறைக்குப் போங்கள்" என்ற பொருளில் விடுதித் தலைவி தடுத்துவிட்டார். கழகம் வழக்குத் தொடுத்தது; மறுவருடம் தோற்றது. வேறோர் அறை கொடுக்கப்பட்டதே என்பது எதிர்த்தரப்பின் வாதம். கழகத்தார் கண்ணுக்கு அவர் தோழர். விடுதித் தலைவி கண்ட அடையாளமோ உடை ஒன்றே.

இக்காலத்துக்கு வருவோம். 200 கிலோமீற்றரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீற்றரை நாற்பது மணி நேரத்திலும் முடிக்க வேண்டும் என்ற விதியோடு மிதிக்கும் நெடுந்தூர ஓட்டம் பிரான்ஸிலிருந்து உலகெங்கும் பரவியுள்ளது. அயல்நாடான இந்தியாவிலும் பலர் இதில் ஈடுபடுகின்றனர். இரவிலே ஒளியைத் திருப்பி எறியும் மேற்சட்டை அணிவது அதில் கட்டாயம். பாதுகாப்புக்காக வந்த அச்சட்டையே அடையாளமும் ஆகிவிட்டது. நள்ளிரவில் தனிவழியே தூரத்தில் அது மின்மினி போல் மின்னும்போது, "நம்மவர் ஒருவர் போகிறார்" என்று களைத்த கால் உற்சாகம் பெறுகின்றது.

2009இல் தோன்றிய ஸ்ட்ராவா போன்ற கைத்தொலைபேசிச் செயலிகளோ, நாம் சென்ற வழியை வரைபடமாகவே தோழர்க்குக் காட்டுகின்றன. இதில் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. 2017இல் அந்நிறுவனம் உலகெங்குமுள்ள பயனாளரின் பாதைகளைத் திரட்டி ஒரே படமாக வெளியிட்டது. பாலைநிலங்களில் இருந்த இராணுவ முகாம்களின் உருவம்கூட, அங்குள்ள வீரர் ஓடிய தடங்களால் அதிலே தெரிவதை ஒரு மாணவர் 2018 ஜனவரியில் எடுத்துக் காட்டினார். முகாமே தெரியுமாயின் நம் வீட்டு வாசல் தெரியாதா? புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் மறைக்கும் வசதி அச்செயலியில் உண்டு. பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து அதனைச் சரிசெய்தல் நன்று.

'அடையாளம்' என்னும் சொல் நம் மாவட்டத்தாருக்கு இலேசான சொல் அன்று. என் தலைமுறையினர் இளமையில் அச்சொல்லைக் கேட்டது சோதனைச் சாவடியிலேதான். தூரத்திலேயே வண்டியை விட்டு இறங்க வேண்டும்; உருட்டிக் கொண்டு நடக்க வேண்டும்; அட்டையை நீட்ட வேண்டும். "நீ யார்?" என்று கேட்கப்படும்போது நெஞ்சு படபடக்கும். 2009இல் போர் முடிந்தது. அவ்வருடமே கிண்ணியாவில் ஓடத்துறைக்குப் பதிலாக 396 மீற்றர் நீளமான பாலமும் திறக்கப்பட்டது. இன்று அப்பாலத்தின் மேல் ஒருவர் நம்மைப் பார்த்து, "நீங்கள்தானே அவர்?" என்று சிரித்துக் கேட்கிறார். அச்சத்தோடு நீட்டிய அடையாளத்தை இன்று விருப்போடு கொடுக்கின்றோம். இவ்வேறுபாட்டின் அருமை எம்மினும் நன்கு அறிந்தவர் யார்?

2022இல் இந்நாடு முழுவதும் ஒரு விசித்திரமான கழகமாயிற்று. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. வாகனங்கள் வரிசையில் உறங்கின. பரணில் தூசி படிந்து கிடந்த பழைய றலியும் லுமாலாவும் கீழே இறங்கின. வைத்தியர், வங்கி அலுவலர், எழுதுவினைஞர், ஆசிரியர் யாவரும் மிதித்தனர். சின்னமும் இல்லை, சங்கேதச் சொல்லும் இல்லை. ஆயினும் எதிரே வருபவரைக் கண்டதும் ஒரு புன்னகை, "நீங்களுமா?" என்ற ஒரு தலையசைப்பு! நான் காற்று நிரப்ப நின்ற கடையில் எனக்குப் பம்பி பிடித்து உதவியவன் என்னிடம் கணிதத்தில் தோற்ற பழைய மாணவன். பங்கீட்டு முறை வந்து, பின் எரிபொருளும் தாராளமாயிற்று. பலர் மோட்டார் வண்டிக்குள் திரும்பிக் கண்ணாடியை ஏற்றிக் கொண்டனர். அத்தலையசைப்பும் அதனோடு போயிற்று.

நான் மிதிப்பதை விடவில்லை. கைத்தொலைபேசிக் குழு ஒன்றிலும் சேர்ந்தேன். அக்குழுவின் நிறச் சட்டையை அணிந்து, எதிரே அந்நிறம் வந்தால் கையுயர்த்தப் பழகினேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஒரு நாள் விடியுமுன், உப்புவெளிப் பக்கமாய் நிலாவெளி நோக்கிச் சென்றேன். எங்கள் குழுவினர் மூவர் எதிரே வந்தனர். கையுயர்த்தி, திரும்பிப் பார்த்து, பெயர் சொல்லி வணங்கினேன். மீண்டும் முன்னே பார்த்தபோது, ஒரு கையெட்டும் தூரத்தில் ஒரு பெரிய பெட்டி! பின்னே மீன்பெட்டி கட்டிய வண்டியொன்று விளக்கின்றிப் போய்க் கொண்டிருந்தது. வலப்புறம் ஒடித்தேன், மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்ந்தது.

அவர் வண்டியை நிறுத்தி ஓடி வந்து என்னைத் தூக்கினார்.

"சேர், பாத்து வாங்கோ. கையிலே காயம்."

"ஐயா, பின்னுக்கு வெளிச்சம் இல்லையே?" என்றேன், பிழை என்னுடையது என்று தெரிந்துகொண்டே.

"இருந்தது சேர். உடைஞ்சு போச்சு. நீங்கள் இந்த ரோட்டாலே ஒவ்வொரு நாளும் போறனீங்கள்தானே? நான் காணுறனான். ரெண்டு நாள் வரேல்ல. சுகமில்லையோ எண்டு நினைச்சன்."

இரண்டு நாள் நான் காய்ச்சலாய்க் கிடந்தது உண்மை. குழுவில் அதனை எவரும் கேட்கவில்லை. அவர்கள்மேற் குறையில்லை, நான் சொல்லவுமில்லை. சொல்லாமலே கவனித்தவர் இவர் ஒருவர்தான். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு விடியற்காலையும் நான் இவரைக் கடந்து சென்றிருக்கிறேன். என் சட்டையின் நிறம் அவரிடம் இல்லாமையால் அவர் என் கண்ணில் படவே இல்லை. ஒக்கம் ஊர் விடுதித் தலைவிக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

மறுவாரம் குழுவில் இதனை எழுதினேன். பலர் தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள். காசு சேர்த்து, சிவப்பு ஒளித்தெறிப்பான்களும் பின்விளக்குகளும் வாங்கினோம். விடியற்காலையில் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் மிதிப்போர் சிலருக்குக் கொடுத்தோம். பெரிய தருமம் ஒன்றும் அன்று. விளக்கில்லாதவர் அடிபட்டால் அடித்தவனும் விழத்தானே வேண்டும்? ஆயினும் கொடுக்கும்போது பெயர் கேட்டோம். அவர்களும் எங்கள் பெயரைக் கேட்டார்கள்.

இப்போது அப்பெரியவரின் மீன்பெட்டிக்குப் பின்னே ஒரு சிவப்பு ஒளி தெரிகின்றது. தூரத்திலேயே அதனை நான் அறிந்து கொள்வேன். கிட்ட வந்ததும் மணியை இருமுறை அடிப்பேன். அவர் திரும்பாமலே இடக்கையை உயர்த்துவார். மூன்று செக்கனில் எங்கள் சம்பாஷணை முடிந்துவிடும்.