பணத்திற்குக் கோட்டை எது?

தர்மபுரிக்குத் தெற்கே சேலம் ரஸ்தாவிலுள்ளது அதியமான்கோட்டை. பகைவன் வருமுன் எழுப்பினால்தான் அது கோட்டை. ஊர் கொள்ளை போன பின் எழும் மதிலால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நமது ஜனங்களின் சேமிப்பைக் காக்க ஏற்பட்ட சட்டங்களில் பெரும்பாலானவை கொள்ளைக்குப் பின் எழுந்த மதில்களே என்று நாம் வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

1906-ம் வருஷம் அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. பெயர்தான் கம்பெனி; உண்மையில் அது சில கூட்டாளிகளின் வியாபாரம். வெள்ளைக்காரர் பெயரே போதிய ஜாமீன் என்று நம்பி உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் அதில் பணம் போட்டிருந்தனர். ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கோ முழுத்தொகை திரும்பவில்லை. அந்த வேதனையிலிருந்துதான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி பிறந்தது.

அப்புறமும் கதை மாறவில்லை. 1938-ல் திருவாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கி முறிந்தது. பாங்கிகளுக்கென்று தனிச் சட்டம் வர 1949 ஆயிற்று. 1960-ல் பாலை சென்ட்ரல் பாங்கி விழுந்தது. மறு வருஷம் டிபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. பைனான்ஸ் கம்பெனிகளில் பணம் போட்டு ஆயிரக்கணக்கானோர் ஏமாந்த பின், 1997-ல் தமிழ்நாடு சட்டசபை முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தை இயற்றியது. மோசடி செய்தவரின் சொத்தை ஜப்தி செய்து, விசேஷ நீதிமன்றத்தின் மூலம் பங்கிட்டுக் கொடுக்க அது வழி செய்தது. மாநிலத்துக்கு இவ்வதிகாரமில்லை என்ற வாதத்தை 2011-ல் கே. கே. பாஸ்கரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் நிராகரித்தது. 2019-ம் வருஷத்து மத்திய சட்டமோ வேலியைச் சற்று முன்னே நட்டிருக்கிறது. அனுமதியற்ற திட்டத்துக்குப் பணம் கேட்பதே குற்றம். பணம் பறிபோகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் சட்டம் புஸ்தகத்தில் இருந்தால் போதுமா? மாம்பழம் விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வரும் குடியானவரிடம், ஏஜெண்டு ஒரு ரிஜிஸ்டிரேஷன் பத்திரத்தைக் காட்டுகிறான். அது கம்பெனி பிறந்ததற்கு அத்தாட்சி. டிபாசிட் வாங்க அனுமதி ஆகாது. அந்த அனுமதியை ரிசர்வ் பாங்கி தனியே தர வேண்டும். அனுமதி பெற்ற பைனான்ஸ் கம்பெனியில் போட்ட பணத்துக்கும் இன்ஷூரன்ஸ் கிடையாது. 2020 முதல் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள அந்தக் காப்பு பாங்கி டிபாசிட்டுகளுக்கே உரியது.

இவ்விரண்டு விஷயங்களையும் நல்ல தமிழில் எழுதி ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலும் ஒட்டும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். சட்டம் கற்றவர்களும் பொதுத்தொண்டர்களும் சந்தை நாட்களில் இதை எடுத்துச் சொல்வார்களாக. "அனுமதிப் பத்திரம் எங்கே?" என்று குடியானவர் கேட்கத் தொடங்கும் நாளில்தான் அவருடைய பணத்துக்குக் கோட்டை எழும்.